தெற்கே இருக்க வேண்டிய மலைக்கோட்டை

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. துவாக்குடி பக்கத்துல வாங்கின மனையை என் மனைவி மங்களத்துக்குக் காட்டணும். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் என்ஜினீயரிங் காலேஜ் வந்த புதுசு. ஆடு மேஞ்ச பொட்டலெல்லாம் திடீர்னு 'நகர்' ஆயிட்டுது. ஸ்ரீரங்கத்துல ஒண்டுக்குடித்தனத்துல கிடந்த எங்களுக்கும் ஆசை வந்துட்டுது. மங்களம் கையில கிடந்த வளையலைக் கழட்டிக் குடுத்தா. "இடம் மட்டும் மோசமா இருக்கட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு!"ன்னு அதையும் சேர்த்துக் குடுத்தா.

தரகர் கூட வந்து மனையைக் காட்டறேன்னார். நான் விடுவேனா? "பிளான்ல வடகிழக்கு மூலைன்னு போட்டிருக்குல்ல? திசை கூடவா தெரியாது எனக்கு?"ன்னுட்டேன்.

நானே போனேன், நானே கண்டுபிடிச்சேன். ஞாயித்துக்கிழமை தவறாம பஸ் ஏறிப் போய் முள்ளு வெட்டினேன், மேடு பள்ளம் நிரவினேன், வேலி போட்டேன், முருங்கைக் கொம்பு நட்டேன். கையெல்லாம் கொப்புளம். வீட்டுல ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைக்காத ஆளு நான்!

தை மாசம் ஒரு காலையில மங்களத்தைக் கூட்டிட்டுப் போனேன். பார்த்ததும் அவ முகமே மலர்ந்துட்டுது.

"ஏங்க, பரவாயில்லையே! இங்க அடுப்படி வச்சுக்கலாம். இங்க துளசி மாடம்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிட்டுது. "வாசல் கிழக்கு பார்த்து"ன்னு அவளை வாசல் வரப்போற இடத்துல நிறுத்தினேன்.

"கிழக்குன்னா வெயில் மூஞ்சியில அடிக்கணுமே? இடது கன்னத்துல அடிக்குதே?"

"உத்தராயணம் பிறந்தாச்சுல்ல? சூரியன் வடக்கே நகர்ந்திருக்கு."

"இவ்வளவு தூரமா நகரும்?"

"பூஜைக்கு நேரமாச்சு"ன்னு சூடத்தை ஏத்தினேன். தேங்காயை உடைச்சேன்.

"யாருங்க அது, என் மனையில தேங்காய் உடைக்கிறது?"

திரும்பினா, சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர். காலேஜ்ல பாடம் நடத்தறவராம்.

"உங்க மனையா? சார், இது வடகிழக்கு மூலை. என் மனை!"

"தென்கிழக்கு மூலைங்க இது!"

விடுவேனா? பிளானை மண்ணுல விரிச்சேன். தூரத்துல தெரிஞ்ச மலைக்கோட்டையைக் காட்டினேன். "அதோ மலைக்கோட்டை. அது தெற்கு. அப்போ எதிர்ப்பக்கம் வடக்கு. கணக்கு சரியா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்கு எந்த ஊரு?"

"ஸ்ரீரங்கம்."

"அதானே பார்த்தேன்"னார்.

மங்களம் முசிறிக்காரி, மலைக்கோட்டையைப் பார்த்து வளராதவ. மெதுவா சொன்னா: "ஏங்க, மலைக்கோட்டை நம்ம வீட்டு மொட்டை மாடிக்குத்தான் தெற்கு. இங்கேருந்து பார்த்தா மேற்கு."

பொறந்ததுலேருந்து மலைக்கோட்டையைப் பார்த்தே திசை சொன்னவன் நான். அது போய் மேற்கே நிக்கும்னு எவன் கண்டான்!

வாத்தியாருக்கு மட்டும் சந்தோஷம் தாங்கலை. "முள்ளெல்லாம் வெட்டி, வேலியும் போட்டது நீங்கதானா? துவாக்குடி ஜனங்க ரொம்ப நல்லவங்கன்னு நான் ஊருக்கு லெட்டரே போட்டுட்டேனுங்க! அந்த முருங்கை மட்டும் இருக்கட்டும், நல்லா துளிர்விட்டிருக்கு."

உடைச்ச தேங்காய்ல ஒரு மூடியை நானே அவர் கையில குடுத்தேன். வேற என்ன செய்ய?

அப்புறம் சரியான திசையில நடந்தோம். நடக்க நடக்க நான் பின்தங்கிட்டே வந்தேன். ஏன்னா அந்தக் கோடியில ஒரு குட்டைதான் இருக்கு. இத்தனை ஞாயித்துக்கிழமையும் அதைப் பார்த்து, 'எந்த ஏமாளி தலையில கட்டினாங்களோ'ன்னு வாய்விட்டுச் சிரிச்சிருக்கேன்.

எங்க மனையோட எல்லைக்கல் நாலுல ரெண்டுதான் தண்ணிக்கு வெளியே தெரிஞ்சுது. நடுவுல ரெண்டு எருமை சுகமா படுத்திருந்துது.

நான் மங்களத்தோட வெறுங்கையைப் பார்த்தேன். திட்டட்டும், வாங்கிக்கலாம்னு தலையைக் குனிஞ்சு நின்னேன்.

அவ தண்ணியைப் பார்த்துட்டு சொன்னா: "வடகிழக்குல கிணறு இருந்தா விசேஷம்பாங்க. நமக்கு வெட்டற செலவு மிச்சம். வீட்டை எங்க வைக்கிறதுன்னுதான் அந்த எருமைங்களைக் கேக்கணும்."