நலம் (ஒழுகும் வகை)

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன் அதைத் தடுப்பதே மேல் என்னும் உயரிய கொள்கையை எங்கள் கால்நடை மருந்தகம் முழுமனத்துடன் ஏற்றிருந்தது. மழைக்கு முன் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் கூட்டப்பட்டது. வருவோர்க்கெல்லாம், ஆடுகளுக்குச் சுத்தமான தண்ணீர் வைப்பதற்கென்று, நீல பக்கெட் ஒன்று இலவசம். கூட்டம் அலைமோதியது. ஆட்டைத்தான் எவரும் ஓட்டிவரவில்லை. வரிசையில் ஆட்டையும் இடத்தையும் ஒருசேரக் காப்பது கடினம். 'ஊசி போடப்பட்டது' என்ற கட்டத்தில் அனைவரும் கையெழுத்திட்டோம். மூன்றாம் வாரம் 'நோயற்ற வட்டாரம்' என்னும் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து சுவரேறியது.

நான்காம் வாரம், பன்னிரண்டு ஆடுகளைக் கொண்டு குடும்பம் நடத்தும் ஆட்டுக்காரி ஒருத்தி, ஓர் ஆட்டைத் தோளில் சுமந்து வந்தாள்.

"சார், நேத்துலேர்ந்து தனியாப் போய் நிக்குது. அசை போடல. மூக்கு ஒழுகுது, வாயெல்லாம் புண்ணு, கழிச்சல் வேற. ஆட்டுக்கொல்லிதான். பிரிச்சுக் கட்டிட்டேன். மிச்சம் பதினொண்ணுக்கும் இன்னிக்கே ஊசி போட்டா தப்பிச்சாலும் தப்பிக்கும்."

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "பன்னிரண்டுக்கும் போட்டாச்சேம்மா."

"போடலையே சார்."

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். பக்கெட்டுக்குப் போட்டது."

"பக்கெட்டுக்குத் தனிப் பதிவேடு கிடையாது. ஊசி போட்ட ஆட்டுக்கு இந்த நோய் வராது. வந்திருக்குன்னா இது உங்க ஆடு இல்ல. யார் வீட்டு ஆட்டைத் தூக்கிட்டு வந்தீங்க?"

மருத்துவர் வெளியே வந்தார். ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். இரண்டில் சான்றிதழே ஆரோக்கியமாக இருந்தது. சீட்டில் எழுதினார்: 'நலம் (ஒழுகும் வகை)'.

"இப்படி ஒரு நோய் இருக்கா டாக்டர்?"

"நோயே இல்லம்மா. அதனாலதானே நலம்னு எழுதியிருக்கேன்."

"அப்ப ஊசி போடலைன்னு நானே எழுதித் தர்றேன். பக்கெட்டையும் கொண்டாந்து குடுத்துடறேன்."

தங்கள் வேலையாக வந்து பின்னால் நின்றிருந்த ஊர்க்காரர்கள் பதறிப்போனார்கள்.

"அக்கா, சும்மா இரு! உன்னோடதைக் கிளறினா எல்லாரோடதையும் கிளறுவாங்க. உன் ஒரு ஆட்டுக்காக ஊரே பக்கெட்டைத் திருப்பிக் குடுக்கணுமா?"

"உன் ஆடு மட்டும் என்ன, இரும்புலயா செஞ்சிருக்கு?"

"என் ஆட்டுக்கு என்ன? லேசாத் தும்முது, அவ்வளவுதான்."

ஆட்டுக்காரி விடவில்லை. "மருந்துப் பெட்டியைத் திறங்க சார்."

எழுத்தர் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே அவருடைய மதிய உணவு மட்டும் இருந்தது.

"ஊசி மருந்து எங்க?"

"பதிவேட்டுல தீர்ந்த மருந்து பெட்டியில இருந்தா எங்க மேல நடவடிக்கை வராதா? சாக்கடையில ஊத்திட்டோம்."

எங்கள் வட்டாரத்தில் முறைப்படி தடுப்பு மருந்து பெற்றது அந்தச் சாக்கடை ஒன்றே.

பத்து நாளில் அவளுடைய பட்டி காலியாயிற்று. அடுத்து, லேசாகத் தும்மியவை போயின. அடுத்த மாதக் கடைசியில் மேலதிகாரிகள் ஆய்வுக்கு வந்தபோது, வட்டாரம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியும் நோயுற்ற ஆடு ஒன்றுகூட அகப்படவில்லை. சான்றிதழ் மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. பாராட்டும் விதமாக, பக்கெட்டுகளுக்கு மூடி வழங்க ஆணை பிறந்தது.

மீண்டும் வரிசை. ஆட்டுக்காரியும் நின்றாள்.

"ஆடு எத்தனை?" என்றார் எழுத்தர்.

"பன்னிரண்டு."

"எல்லாம் நலமா?"

அவள் எழுத்தரைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்.

"சீக்கிரம் சொல்லுக்கா, மூடி தீர்ந்துடப் போகுது" என்றது பின்வரிசை.

"நலம்" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், மூடி பக்கெட்டுக்குப் பொருந்தவில்லை. எங்களில் யாரும் புகார் எழுதவில்லை. எழுதினால், ஆட்டைக் காட்டச் சொல்வார்கள்.