ரேட்டக்காவும் ஓட்டை டின்னும்

எனக்கு எண்பத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் முட்டை விலை ஏன் ஏறியது என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. அப்போதைய மலாயாவில், ரந்தாவ் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் ஒருத்தி இருந்தாள். இந்த அத்தனை பேரையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருவாள்.

அவளை ரேட்டக்கா என்போம். வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. ரப்பர் விலை ஏறுமா இறங்குமா என்பது துரைக்குத் தெரியும் முன்னே அவளுக்குத் தெரிந்துவிடும். பேப்பர் படிக்கத் தெரியாது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் வாயைப் பார்ப்பாள். விலை நன்றாக இருந்தால் அவர் வாயில் டின் சிகரெட், சரிந்தால் பீடி. அப்புறம் எங்களை வேலை வாங்கும் மண்டோரைப் பார்ப்பாள். விலை ஏறினால் அவர் மரத்தைத் திட்டுவார், இறங்கினால் எங்களைத் திட்டுவார்.

காலையில் பேர் கூப்பிட வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடும்.

"என்னக்கா, எப்படி?"

"டின்னு ஊதுறாருலா. சம்பளம் ஏறும். புள்ளைக்குக் காது குத்தணும்னா இப்பவே குத்திடு."

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே அவள் பேச்சைக் கேட்டது. என் வீட்டுக்காரரும் கேட்டார். "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்பார். மரம் சீவுவதில் என்னை மிஞ்ச அந்த எஸ்டேட்டில் ஆள் கிடையாது. என் ரசத்தைக் குடித்தவர்கள் மறுபடி கிண்ணத்தை நீட்டுவார்கள். அதையெல்லாம் அந்த மனுஷன் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒருநாள் கிராணி பீடி பிடிப்பதை நான் முதலில் பார்த்துவிட்டேன். "விலை விழப்போகுது!" என்று வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அந்த வாரம் விலை ஏறியது.

"பீடிய மட்டும் பாத்தா ஆச்சா?" என்றாள் ரேட்டக்கா. "கிராணியம்மா கோவிச்சுக்கிட்டு பெடாஸுல அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. சிகரெட்டு டின்னும் அவங்க பொட்டியோட போயிருச்சு."

மண்டோர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அவள் நிழலைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்தான். லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை, அரிசிக்கு அளவு. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்ச் சேரக்கூடாது என்று கடையில் விற்கும் ஒவ்வொரு டின்னையும் கடைக்காரன் ஆணியால் குத்தித்தான் கொடுப்பான். எங்களுக்கு வீட்டுக்கு வாரம் இரண்டு இனிப்புப் பால் டின். ஓட்டை போட்ட பாலை எத்தனை நாள் வைப்பது? எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

அப்போது என் இரண்டாவது பெண் மூன்று மாதக் குழந்தை. காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. அவள் உயிரே அந்த டின்னில்தான் இருந்தது.

ரேட்டக்கா கைக்குழந்தை இருக்கும் நாலு வீட்டையும் கூப்பிட்டாள். "பாதிப் பாலு எறும்புக்குப் போகுது. விலை ஏறுனது பாலுக்கு இல்ல, ஓட்டைக்கு. மாசச் சீட்டு போடுற மாதிரி கூட்டு புடிப்போம். காசுக்குப் பதிலா டின்னு. ஒரு நாளைக்கு ஒரு வீட்டு டின்னு, நாலு புள்ளைக்கும் பங்கு. அன்னைக்கே தீந்துரும். எறும்பு என்னத்த நக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் ஆட்டினார். அதைப் பார்த்ததும், "என் புள்ளைக்கு யார் பங்கும் வேணாம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

டின்னைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். எறும்பு சுவரில் ஏறி, உத்தரத்திலிருந்து விழுந்தது. உறி கட்டினேன், கயிற்றில் இறங்கியது. மூன்றாவது வாரம் இரண்டு டின்னும் எறும்பு மொய்த்துக் கறுப்பாகிவிட்டன. கடைக்காரன், "அடுத்த வாரம் வா" என்றான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டாம் நாள் மதியம் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. நானோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரேட்டக்கா வீட்டுப் பக்கம் நாலு தடவை நடந்து நாலு தடவையும் திரும்பி வந்தேன்.

ஐந்தாவது தடவை அவளே குவளையோடு எதிரே வந்தாள்.

"இந்தா புள்ள, ஒன் வீட்டுப் பங்கு."

"நான்தான் கூட்டுல சேரலையேக்கா?"

"ஒனக்குப் பதிலா என் ரெண்டு டின்ன வச்சேன்லா."

பிள்ளையில்லாதவள் அவள். காலைத் தேநீருக்கு அவளுக்கு இருந்த பாலே அந்த டின்தான்.

"அப்ப மூணு வாரமா இந்தப் பங்கு?"

"தினமும் ஒன் வாசல் வரைக்கும் கொண்டாருவேன். ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போய் நானே குடிச்சிருவேன். வேஸ்ட்டாக்க முடியுமா? பாரு, ஒன் மக பேர்ல எனக்கு ஒடம்பு போட்டு ரவிக்க பத்தல!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் குழந்தையை வாங்கிச் சங்கில் புகட்ட ஆரம்பித்துவிட்டாள். மறுவாரத்திலிருந்து என் டின்களும் கூட்டில் சேர்ந்தன.

அந்தக் குழந்தை இப்போது ரெம்பாவில் பேரன்களோடு இருக்கிறாள். அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை, ரேட்டக்காவைப் பார்த்து. மற்றப் பொறாமையெல்லாம் போய்விட்டது. அது மட்டும் போகவில்லை. போக வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன்.

கவிதா, பாட்டி பக்கத்தில் வா. நான் எழுதின இதை முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. அக்கா பேசும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படிம்மா.