கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு ஏலக்காய்த் தட்டு

இதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பொற்கொடி. போன ஐப்பசியில், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். அசர் தொழுது முடித்து நான் பாயைச் சுருட்டக்கூட இல்லை, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சிரிக்காமக் கேக்கணும்க்கா" என்றாள். சொல்லிவிட்டு முதலில் அவளே சிரித்தாள். புறம் பேசுவது பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தப்பட்டவரே பிறகு பள்ளிவாசல் முக்கில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டார். அதனால் சொல்லலாம்.

எங்கள் எதிர்வீடு ஹபீப் ரஹ்மான் வீடு. ஏலக்காய் வாங்கி விற்கிறவர். போடியில் ஏலக்காய் விற்கிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் இவர் மூக்குக்கு ஒரு தனிப் பேர் உண்டு. நாலு காயை உள்ளங்கையில் போட்டுக் காதுக்குப் பக்கத்தில் குலுக்குவார். ஒரு காயை நகத்தால் கீறி மூக்கில் வைப்பார். எந்த எஸ்டேட்டு, ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், விறகு போட்டுக் காயவைத்ததா, கேஸில் காயவைத்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். தப்பாது. அந்தப் பெருமையில், வீட்டில் குழம்பு வைத்தாலும் ருசி பார்க்க மாட்டார். மோந்து பார்த்துத்தான் தீர்ப்பு.

அவர் பெண்டாட்டி சுல்தானா. மகள் மெஹ்ரினைக் கட்டிக்கொடுத்த பிறகு காலியான முன்ரூமில், அந்தப் பெண் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். தெருவில் நிக்காஹ் பத்திரிகையும் அவள்தான், காதுகுத்துப் பத்திரிகையும் அவள்தான்.

அந்த ரூம் மேல் ஹபீப் ரஹ்மானுக்கு ஒரு கண். ஈரம் இறங்காத ரூம். மூட்டையைக் கூரை வரைக்கும் அடுக்கலாம். வாயைத் திறந்து கேட்டால் சுல்தானா தர மாட்டாள். அதனால் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் அவர் ஒரு ரகசியம் கண்டுபிடித்திருந்தார். மழைக்காலத்தில் சாம்பிள் காய் நமத்துப்போகும். நமத்த காயைக் குலுக்கினால் சத்தம் வராது. சத்தம் வராத காயை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒருநாள் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் எதையோ எடுக்கக் கையை விட்டவருக்கு வெதுவெதுவென்று காற்று அடித்தது. அட, வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டோர்! அன்றிலிருந்து ஒரு தட்டில் காயைக் குவித்து, பெட்டியின் முதுகோடு ஒட்டி வைத்து, மேலே துணியைப் போட்டுவிடுவார். சுல்தானா வேலை பார்க்கப் பார்க்க, காய் காயும். அவளுக்கு வாசம் தெரியாதா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் தலையணைகூட ஏலக்காய் வாசம்தான்.

அப்போதுதான் பொற்கொடி மகன் விஜயகுமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வேலை பாதி ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், அணையும். அப்புறம் அதுவும் இல்லை. பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி ஒருதரம் சிலிர்க்கும், நிற்கும்.

ஹபீப் ரஹ்மான் ஓடிவந்தார். சுல்தானா பிளக்கைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் தட்டை உருவிப் பீரோவுக்கு அடியில் தள்ளினார். பிறகுதான் பெட்டிக்குக் கிட்டே போய் மோந்து பார்த்தார்.

"மதர்போர்டு மண்டையப் போட்டுருச்சு."

"மோந்தே சொல்றீகளா?"

"என் மூக்கு என்னைக்குத் தப்பிருக்கு?"

"அது ஏலக்காய்க்கு."

"எரிஞ்ச வாசம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பொழுதன்னிக்கும் இதைப் போட்டு உருட்டுனா எரியாம என்ன செய்யும்? எல்லாம் உன்னாலதான்."

சுல்தானா வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தாள். பிரிண்டர் வயரைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தாள். விசிறி சிலிர்த்தது, நின்றது.

"பாத்தியா? வெள்ளிக்கெழமை ஜும்ஆவுக்குள்ள இது ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன். லோடு வருது. ரூம்ல மூட்டைய எறக்கிருவேன்."

"ஓடுச்சுன்னா?"

"ஓடாது."

"ஓடுச்சுன்னா, மெஹ்ரின் அத்தா?"

"ஓடுச்சுன்னா ஒத்தக் காயோடகூட இந்த ரூம் நெலைப்படிய நான் தாண்டமாட்டேன். போதுமா?"

"நான் சாட்சிண்ணே" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பொற்கொடிதான். அவள் கவலை அவளுக்கு. பத்திரிகை இல்லாமல் சம்பந்தி வீட்டுக்கு எந்த முகத்தோடு போவாள்?

மறுநாள் காலையில் அவர் சரக்கெடுக்க ஜீப்பில் மலைமேலுள்ள மெட்டுக்கு ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மனசுக்குள் ஒரு வரிசை மூட்டையை அடுக்கிக்கொண்டே போனார்.

இங்கே சுல்தானா ராஜ்கமலைக் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன். அவன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தடியான ஒரு வயர்க்கொத்தை உருவினான்.

"அக்கா, இந்தக் கொத்துதான் மதர்போர்டுக்குக் கரண்டு கொண்டுபோறது. இப்ப இதுல பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால சேத்தா, பவர் சப்ளை, அதான் பின்னால இருக்குற இந்தக் கரண்டுப் பெட்டி, தனியா ஓடணும்."

சேர்த்தான். விசிறி அசையவில்லை.

"போச்சுக்கா. பவர் சப்ளைதான் போச்சு. மதர்போர்டு மேல குத்தமில்ல."

கையோடு கொண்டுவந்த வேறொரு பவர் சப்ளையை மாட்டினான். கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை விஜயகுமார் பேர் பாதிப் பத்திரிகையில் பத்திரமாக இருந்தது. கூடவே நின்றிருந்த பொற்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கழற்றிய பழசைச் சுல்தானா கையில் எடுத்தாள். ஏலக்காய் வியாபாரி பெண்டாட்டி இல்லையா, கை தானாகக் காதுக்குப் பக்கம் போய்க் குலுக்கியது. உள்ளே கலகல என்றது.

"அக்கா, தெறந்துறாதீக. வயரைப் பிடுங்குன பெறகும் உள்ள ஷாக் அடிக்கும்."

"நான் எதுக்குத் தெறக்குறேன்?"

கவிழ்த்துக் குலுக்கினாள். வெதுவெதுக் காற்று வரும் கம்பித் துவாரம் வழியாகக் கருகின தூசியோடு மூன்று ஏலக்காய் விழுந்தது. ஒன்று விசிறியில் சிக்கி நசுங்கிப் போயிருந்தது. "இது யாரு சரக்குக்கா?" என்றான் ராஜ்கமல். பொற்கொடி வாயைத் திறந்தாள். சுல்தானா உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் ஹபீப் ரஹ்மான் வந்தார். முன்ரூமில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டரிலிருந்து வந்த பத்திரிகையைப் பொற்கொடி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகம் விழுந்தது. ஆனாலும் வியாபாரி. பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"ஓடுது, சரி. எத்தனை நாளைக்கு? எரிச்சவ மறுபடி எரிக்கத்தான் செய்வா. எரிஞ்சதுக்கு யாரு காரணமோ அவுகதான் ரூமை விட்டுக் கொடுக்கணும். அதான் நியாயம்."

"அப்படியா சொல்றீக?"

"அப்படித்தான். ஆத்தா பொற்கொடி, நீயே சொல்லு."

"நியாயந்தாண்ணே" என்றாள் பொற்கொடி, சிரிப்பை முழுங்கிக்கொண்டு.

சுல்தானா டீ கொண்டுவந்து வைத்தாள். "அது கெடக்கட்டும். இன்னைக்கு ஒரு சாம்பிள் கைக்கு வந்துச்சு. இது யாரு சரக்குன்னு ராஜ்கமல் கேக்குறான். எனக்கெங்க தெரியும்? உங்க மூக்குக்குத் தெரியும்னேன்."

இதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. பொற்கொடியிடம் இரண்டுதரம் கேட்டு நான் உறுதி பண்ணிக்கொண்டேன்.

நசுங்காத இரண்டு காயை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மலையேறி இறங்கின களைப்பெல்லாம் அவருக்குப் பறந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். குலுக்கினார். கீறினார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

"யாரு சரக்கா? நம்ம சரக்குடி! போன வாரம் மெட்டுக்கு மேல வாங்குனமே, அது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வேற யாரோடதாவும் இருக்கப் போகுது."

"எந்தச் சபையில வேணாலும் வந்து சொல்றேன். நம்மதுதான்."

"ஸ்டோர்ல காஞ்சதா?"

"இல்ல. நமத்த பெறகு ரெண்டாந்தரம் காயப் போட்டுருக்கு. ஆனா வெறகுச் சூடு இல்ல. கேஸ் சூடும் இல்ல. லேசா வயர் எரிஞ்ச..."

அவர் கண் மெதுவாகத் திறந்தது. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் போனது. பீரோவுக்கு அடியில் போனது. பிறகு எங்கே போவதென்று தெரியாமல் டீ கிளாசில் வந்து நின்றது.

அந்தக் கிளாசுக்குப் பக்கத்தில் சுல்தானா பழைய பவர் சப்ளையை வைத்தாள். அதன் மேல் நசுங்கின மூன்றாவது காயை வைத்தாள்.

"நல்ல மூக்குதாங்க, மெஹ்ரின் அத்தா. அதை நம்பித்தானே ரூமைப் பந்தயத்துல விட்டேன்."

வெள்ளிக்கிழமை லோடு வந்தது. மூட்டையெல்லாம் இப்போது அவர் கட்டிலைச் சுற்றித்தான் இருக்கிறது. முன்ரூமுக்குள் போகவேண்டுமென்றால் நிலைப்படிக்கு வெளியே நின்று செருமுகிறார். சுல்தானா வந்து அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, ஒத்தக் காய்கூட இல்லை என்றால்தான் உள்ளே விடுகிறாள்.

நீங்கள் எனக்கு ஒன்று செய்யுங்கள். எழுந்து போய், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.