‘கிடைச்சுதா’ அண்ணனின் பதினொரு பிழைகள்

12.7.1998 தேதியிட்ட அஞ்சலட்டை ஒன்று என் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. நீல மை, கோடு போட்டு எழுதியதுபோல் நேரான எழுத்து. “ஐயா, இன்று காலை மணி 11.20-க்குத் தங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன். கிடைத்ததா என்பதைத் தயவுசெய்து தெரியப்படுத்தவும்.”

மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா என்று தபாலில் விசாரித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்துப் பண்டமாரானில் குடியிருந்தார். எனக்கு நண்பராகவும் இருந்தார்.

வலைப்பூ என்ற சொல் அப்போது பிறந்திருக்கவில்லை. இலவசமாக இடம் கொடுக்கும் ஏதாவது ஒரு தளத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்து, ‘இந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டால்தான் படிக்க முடியும்’ என்று வாசலிலேயே வாசகரை நிறுத்திவைத்து, அதையும் தாண்டி உள்ளே வருகிற பொறுமைசாலிக்காக எழுதுவோம். நாடு முழுவதிலும் தமிழில் அப்படி எழுதியவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டையே வராது.

என் பக்கத்தின் பெயர், நான் குடியிருந்த கோலாலம்பூர்ப் பகுதியை வைத்து, ‘பிரிக்பீல்ட்ஸ் நாள்குறிப்பு’. எந்தக் கடை எந்தத் தேதியில் பெயர்ப்பலகை மாற்றியது, எந்த மரம் எந்தக் காற்றில் சாய்ந்தது, எந்த முடிதிருத்தகத்தில் எப்போது நாற்காலி கூடியது என்பதையெல்லாம் எழுதினேன். பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குவேன். மாலையில் வீட்டுக்கு வந்து தெருவைத் தேதிவாரியாக அடுக்குவேன்.

பக்கத்தின் அடியில் என் முகவரியும் ஃபோன் எண்ணும், அவற்றுக்குக் கீழே ஒரு விருந்தினர் ஏடும் இருந்தன. ஆறு மாதம் அதில் ஒருவரும் கையெழுத்திடவில்லை. ஜூலையில் முதல் பதிவு விழுந்தது: “பக்கம் பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது. சேதம் ஏதுமில்லை. இப்படிக்கு, பண்டமாரான் வாசி.”

யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிண்டல் இல்லை. அவர் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் கிராணி, அதாவது எழுத்தர். பெட்டிகளை எண்ணுவது, உடைசலைக் குறிப்பது, கையெழுத்து வாங்குவது என்று பல வருடம் ஓட்டியவர். அவருடைய சாத்திரத்தில் அனுப்புவது பாதி வேலை. பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டால்தான் முழு வேலை. முந்தின சரக்குக்கு ரசீது வராதவரை அடுத்த லோரியை வாசலைத் தாண்ட விடமாட்டாராம். இதை அவரே பெருமையாக எனக்கு எழுதியிருந்தார். நானும் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். வைத்தேனே தவிர மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. ‘கிடங்கு வாசல்’ என்று பெயர். கப்பலில் வந்த வெங்காயம், லோரிக்காரர்கள் சொன்ன பொய், முதலாளி வளர்த்த கிளி எல்லாம் அதில் வரும். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் தேதி வராது. ‘போன தீபாவளிக்கு முந்தின மழைநாளில்’ என்று ஆரம்பிப்பார். எனக்குப் பல் கூசும். வீட்டில் கணினி கிடையாது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானில் ஒரு சைபர் கபேக்குப் போய் ஒரு விரலால் தட்டுவார். தட்டி முடித்ததும் எனக்கு ஒரு மின்னஞ்சல். மின்னஞ்சலுக்குப் பின்னால் ஓர் அஞ்சலட்டை. அட்டை வந்து சேரும் வரை பொறுக்காமல் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஃபோன்.

அந்த ஃபோன்தான் வம்பு. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே லைன். நான் இணையத்தில் இருக்கும்போது வேறு அழைப்பு குறுக்கே வந்தால் இணைப்பு அறுந்துவிடும். அவருடைய மின்னஞ்சல் முக்கால்வாசி இறங்கியிருக்கும். சரியாக அப்போது அவர் கூப்பிடுவார். இணைப்பு அறுந்து, திரை செத்து, ஃபோன் மணி அடிக்கும்.

“சார், மெயிலு கிடைச்சுதா?”

“வந்துக்கிட்டிருந்துச்சு அண்ணே. நீங்க கூப்பிட்டதுல நின்னுபோச்சு.”

“அப்படியா? சரி, திரும்ப எடுங்க. பத்து நிமிஷத்துல கூப்பிட்டுக் கேக்கறேன்.”

என் மனைவிதான் அவருக்கு ‘கிடைச்சுதா’ என்று பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு அடித்தால், “ஒங்க கிடைச்சுதா அண்ணன் வர்ற நேரமாச்சு, வயரைப் புடுங்கி வைங்க” என்பாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

நேரில் சந்தித்தது 6.9.1998, ஞாயிறு. கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் நான் குடையுடன் காத்திருந்தேன். கொமுட்டர் ரயிலிலிருந்து ஒல்லியாக, சட்டைப்பையில் நான்கு பேனாவுடன் ஒருவர் இறங்கி வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அது நிறைய அவர் வீட்டு முறுக்கு. வணக்கம் சொல்வதற்கு முன்பே ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். ‘முறுக்கு, ஒரு டின், நல்ல நிலையில்’ என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். நடந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து ஒரு கடையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம். மூன்று மணி நேரம் ஒருவரோடு பேசி அலுக்காமல் இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தபோது மூன்று முறுக்கு உடைந்திருந்தது. அதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார், அனுப்பினேன்.

அந்த மாதத்திலிருந்து என் பக்கத்துக்கு யோகம் அடித்தது. பக்கத்தின் மூலையில் வந்தவர்களை எண்ணும் எண்ணி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது அதுவரை நாளுக்கு இரண்டோ மூன்றோ காட்டியது. அதில் ஒன்று நான். செப்டம்பரில் திடீரென்று முப்பத்தைந்து, நாற்பது என்று ஏறியது. தினமும் அந்த எண்ணை நோட்டில் குறித்து ஆராய்ச்சியும் செய்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் வருகை சுத்தமாக விழுந்தது; ஆகவே என் வாசகர்கள் பக்திமான்கள். பள்ளி விடுமுறையில் இரட்டிப்பானது, ஆகவே ஆசிரியர்கள். அறிஞர் உலகம் என்னைக் கண்டுகொண்டது என்று மனைவியிடம் சொன்னேன். “அறிஞருக்கெல்லாம் வேற சோலி இல்லையா” என்று கேட்டாள்.

இனிமேல் எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது.

ஜனவரியில் என் பக்கத்துக்கு ஒரு வயது நிறைந்தது. அதற்காக அண்ணன் தன் பக்கத்தில் ‘எனக்குக் கிடைத்த நண்பர்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் முதல் சந்திப்பைப் பற்றியது. என்னை அப்படி யாரும் எழுதியதில்லை. ஒரு தெருவின் ஞாபகத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிற மனிதர் என்று எழுதியிருந்தார். நான் அதை ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை சிவப்புப் பேனாவுடன் படித்தேன்.

17.1.1999 அன்று அவருடைய விருந்தினர் ஏட்டில், உலகமே பார்க்கும்படி, பதினொரு திருத்தங்களை எண் போட்டு எழுதினேன். சந்திப்பு ஆகஸ்டில் அல்ல, செப்டம்பரில். ரயில் அரைமணி தாமதமில்லை, பதினொரு நிமிடம். குடை கறுப்பல்ல, கருநீலம். அன்று மழை பெய்யவில்லை, வானம் மூடியிருந்தது, அவ்வளவே. குடித்தது காப்பி அல்ல, தேநீர். இப்படியே போய், கடைசியில் ஒரு பத்தி அறிவுரை. “தங்கள் பக்கத்தை இதுவரை 86 பேர் பார்த்திருக்கிறார்கள். என் பக்கத்தை ஆறாயிரத்து எண்ணூறு பேர். தேதி சரியாக இருந்தால் வாசகர் தாமே வருவார்.”

நன்றி என்ற சொல்லை அதில் எங்கேயும் நான் எழுதவில்லை.

அந்த வாரக் கடைசியில் அஞ்சலட்டை வந்தது. “ஐயா, திருத்தங்கள் பதினொன்றும் கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன், குறைவில்லை. இந்த அட்டை கிடைத்ததைத் தெரியப்படுத்தவும்.” அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஒரு வார்த்தையாவது மறுத்திருந்தால் சான்றோடு எழுதியிருப்பேன். மறுக்காதவருக்கு என்ன எழுதுவது? தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன்.

அதோடு எல்லாம் நின்றது. மின்னஞ்சல் இல்லை, அட்டை இல்லை. ‘கிடங்கு வாசல்’ அந்தக் கட்டுரையோடு அப்படியே கிடந்தது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு இணைப்பு அறுவதில்லை. கோபித்துக்கொண்டார் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னவன்மேல் கோபித்தால் நான் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் பன்னிரண்டு அடித்ததும் கண் ஃபோன் பக்கம் போகும். எண்ணி மட்டும் வழக்கம்போல் நாளுக்கு நாற்பது ஏறியது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, மனைவி அந்தப் பிஸ்கட் டின்னைத் துலக்கி, அதிரசம் சுட்டு நிரப்பி, என் முன்னால் வைத்தாள்.

“அவங்க வீட்டு டின்னு ஏழு மாசமா இங்க கெடக்குது. கொண்டுபோய்க் குடுங்க.”

“அவரு கோவமா இருக்காரு.”

“கிடைச்சுதான்னு கேட்டு எழுதியிருக்காரு மனுஷன். ஒரு வார்த்தை எழுதுனா விரலு தேஞ்சிருமா? கெளம்புங்க.”

11.4.1999 காலை கொமுட்டர் பிடித்துக் கிள்ளானில் இறங்கினேன். சைபர் கபே, பூமாலைக் கடைகள் இருக்கும் வரிசையில், மாடியில் இருந்தது. கதவைத் தள்ளி உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எட்டுக் கணினிகள். ஆறில் பள்ளிப் பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த இரண்டிலும் மஞ்சள் பின்னணியில் ‘பிரிக்பீல்ட்ஸ் நாள்குறிப்பு’ திறந்திருந்தது. நான் பார்க்கும்போதே ஒரு பிள்ளை எழுந்து போக, கல்லாவில் இருந்த அக்கா அந்தக் கணினியை மூடித் திறந்தார். அதிலும் என் மஞ்சள் பக்கம் வந்தது. மூலையில் எண்ணியில் ஒன்று கூடியது.

“அக்கா, இது என்ன பக்கம்?”

“அதுவா? பண்டமாரான்லேர்ந்து ஒரு அண்ணன் வருவாரு, அவரோட ஃப்ரெண்டு எழுதறதாம். எட்டு மெஷின்லயும் முதல்ல இதான் வரணும்னு செட் பண்ணிட்டாரு. கேம் ஆட வர்றவனுக்கு இது எதுக்குண்ணேன்னு கேட்டேன். நாப்பது பேருல ஒருத்தன் படிச்சாலும் போதும் லா, இருக்கட்டும்னாரு.”

என் பக்திமான்கள், என் ஆசிரியர்கள், என் அறிஞர் உலகம் எல்லாம் அங்கே காலாட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டிருந்தது. தீபாவளிக்குக் கடை இரண்டு நாள் அடைப்பு என்று கதவிலேயே ஒரு பழைய தாள் ஒட்டியிருந்தது.

“அவரோட சொந்தப் பக்கத்தை வைக்கலையா?”

“கேட்டேனே. நம்மளது சும்மா தானேன்னு சிரிச்சாரு.”

அப்போதும் என் புத்தி போகவில்லை. எந்தத் தேதியில் வைத்தார் என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தேதியெல்லாம் யாருக்குங்க ஞாபகம்? போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம. கோலாலம்பூர்ல ஃப்ரெண்டைப் பாத்துட்டு நேரா வரேன்னு சட்டையெல்லாம் நனைஞ்சு வந்தாரு. ஏர்கான் குளிருது, வீட்டுக்குப் போங்கண்ணேன்னா கேக்கல. எட்டு மெஷின்லயும் வச்சிட்டுத்தான் போனாரு.”

மழை கிள்ளானில்தான் பெய்திருக்கும் என்று ஒரு கணம் மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. டின்னை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று திரும்பியபோது படியில் அவர் ஏறி வந்துகொண்டிருந்தார். அதே நான்கு பேனா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“சார், ஜனவரி கார்டு கிடைச்சுதா?”

“கிடைச்சுது அண்ணே.”

“அப்பாடா” என்று பைக்குள் கையை விட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். “இதுல ஒரு சைன் போட்டுருங்க. அடுத்தது அஞ்சு எழுதி ரெடியா இருக்கு. முந்தினதுக்கு ரசீது வராம எப்படி அனுப்பறது? அப்படியே வாசல்லயே நிக்குது.”

“கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“கோவமா? எதுக்கு?”

கையெழுத்துப் போட்டேன். நான் செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் அதைக் கேட்காதவர்போல் அதிரசத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்.

“பதினொன்னுல ஒம்போது நீங்க சொன்னது சரி சார். ரெண்டுதான் இடிக்குது. கோப்பிதான் குடிச்சோம். அப்புறம், மழை பெய்ஞ்சுது. நீங்க குடைக்குள்ள இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியல.”

வானம் மூடியிருந்ததைப் பார்த்து முன்ஜாக்கிரதையாக விரித்த ஒரே குடையை, நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை என் தலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, தெருவின் தேதிகளைச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் நனைந்துகொண்டே கேட்டு வந்திருக்கிறார்.

எட்டுத் திரைகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் தன் இடத்தில் உட்கார்ந்தபோது என் மஞ்சள் பக்கம் எதிரே நின்றது. அவசரமாக அதை மூடிவிட்டு, “இந்த மெஷின்ல என்னமோ இதான் வருது சார், என்ன கோளாறோ” என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் எண்ணியைக் கழற்றினேன். அவருடைய விருந்தினர் ஏட்டில், பதினொரு திருத்தங்களுக்கு அடியில், பன்னிரண்டாவதாக ஒன்று எழுதினேன்: ‘கட்டுரை கிடைத்தது. நல்ல நிலையில். நன்றி.’ அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு இணைப்பு அறுந்தது. மனைவி அடுப்படியில் சிரித்தாள்.

பிறகு அவர் ஓய்வு பெற்று ஜெஞ்சாரோமில் மகள் வீட்டோடு போய்விட்டார். இந்தக் கட்டுரை அச்சாகும் இதழ் வந்ததும் ஒரு பிரதி அவருக்குத் தபாலில் போகும். கிடைத்ததா என்று இம்முறை நான் கேட்டு எழுதுவேன்.

என் நோட்டில் 6.9.1998-க்கான பக்கத்தில் ‘மழை இல்லை’ என்பதை அடித்து ‘மழை’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஈரச் சட்டை சாட்சி. ‘தேநீர்’ என்பதையும் அடித்து ‘காப்பி’ ஆக்கியிருக்கிறேன். அதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. நாங்கள் உட்கார்ந்த கடையும் இப்போது இல்லை. இது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்; அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.