ரேஸிங் கேம் போட்ட மாப்பிள்ளை

மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மனைவியிடம் ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. அவள் ஆச்சரியப்படவே இல்லை. அது கல்யாணத்துக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டாள்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம். எனக்கு இருபத்துநாலு வயது. தென்காசியில் அப்பாவின் நெல் மண்டியில் உட்கார்ந்திருந்தேன் (வேலை பார்த்தேன் என்று எழுதினால் அப்பா மேலேயிருந்து இறங்கி வந்துவிடுவார்). மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன மோட்டார் சைக்கிள், நாலு கை மாறி என்னிடம் வந்திருந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி. மாட்டு வண்டிக்குப் பின்னால் நடை வேகத்தில் போகச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் போகும். ஊரே அதை மெச்சியது. எனக்கு மட்டும் திருப்தியில்லை. குற்றாலம் பஸ் தினமும் என்னை முந்திக்கொண்டு போயிற்று. அதன் ஜன்னலிலிருந்து தெரிந்தவர்கள் வேறு கையாட்டினார்கள்.

என்ஜினுக்குள் கேம் என்று ஒரு சாமான் உண்டு. சுழலுகிற தண்டில் ஒரு பக்கம் முட்டை மாதிரி புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு வந்து இடிக்கும்போது வால்வு திறக்கும். புடைப்பு பெரிதானால் வால்வு கூடுதலாகத் திறக்கும், என்ஜின் கூடுதலாக மூச்சு வாங்கும், வண்டி பறக்கும். எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். மெட்ராஸ் கடை ஒன்றின் கேட்லாக்கில் என் வண்டிக்கு மூன்று விதமான கேம் போட்டிருந்தான். ஒன்று சாதாரணம், ஒன்று கொஞ்சம் வேகத்துக்கு, மூன்றாவது பந்தயத்துக்கு. மூன்றாவதன் கீழே, முப்பது மைல் வேகத்துக்குக் கீழே என்ஜின் ஒழுங்காக ஓடாது என்றும் அச்சடித்திருந்தது. முப்பதுக்குக் கீழே எவன் போகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஷெட்டில் பிட்டராக இருந்த சேவியர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கேட்லாக்கை அவனிடம் காட்டினேன்.

"நடுவுல உள்ளத வாங்குலே," என்றான். "மூணாவது மெதுவாப் போனா நின்னுரும். சீசன் நேரம் குத்தாலத்துல சனத்துக்குள்ள எப்படி ஓட்டுவே?"

பஸ்ஸோடு கிடந்து உன் புத்தியும் பஸ் மாதிரி ஆகிவிட்டது என்று அவனுக்குச் சொன்னேன். சந்தையில் பலாப்பழம் பொறுக்குகிற மாதிரி, இருப்பதில் பெரிதைப் பொறுக்கிக் கடிதம் போட்டேன். வி.பி.பி. தபாலில் வந்தது, தபால்காரரிடம் காசைக் கட்டி வாங்கினேன். சேவியர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தான்.

அது பங்குனி மாசம். வெள்ளோட்டத்துக்குக் குற்றாலம் ரோட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். பங்குனியில் அருவி வெறும் பாறை. ரோட்டில் குரங்குகளைத் தவிர ஜீவராசி கிடையாது. வண்டி போயிற்று பாருங்கள், அப்படி ஒரு போக்கு. பஸ்ஸை முந்தும்போது நானும் கையாட்டினேன். சாரல் விழுந்தால் இதே ரோட்டில் நாலு ஜில்லா ஜனமும் ஈரத்துண்டோடு நடக்கும் என்பது, பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வருகிற எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை.

ஆனியில் கோமதியின் ஜாதகம் வந்தது. செங்கோட்டைப் பெண். அதற்கு முந்தின வருஷம் கோவில் தேரோட்டத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் யாரோ காலை மிதிக்க, திரும்பி ஒரு முறை முறைத்தாள். மிதித்தவன் நான்தான். அன்றையிலிருந்து எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் அப்பா சங்கரலிங்கம் மாமா, காட்டு இலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாம் பொருந்தியாயிற்று, பையன் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறானாமே, நிதானமானவனா என்பது மட்டும்தான் பாக்கி என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாரல் குளிக்கக் குற்றாலம் வரும்போது என்னையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

விடியற்காலையிலேயே, ரோட்டில் ஆள் நடமாடும் முன், குற்றாலம் போய்ச் சேர்ந்து வண்டியைத் துடைத்து நிறுத்தினேன். எட்டு மணிக்கு மாமா பஸ்ஸில் வந்தார். கோவணம் கட்டி, பாறையில் உட்கார்ந்து, எண்ணெய் தேய்க்கிற ஆளிடம் உடம்பை ஒப்படைத்தார். அந்த ஆள் ஒரு படி எண்ணெயைத் தேய்த்து, தட்டி, பிசைந்து, மாமாவைப் புதுச் செப்புக் குடமாக ஆக்கிவிட்டான். குளிக்க எழுந்தபோது அருவியில் வெள்ளம். தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. போலீஸ்காரர் கயிறு கட்டி எல்லோரையும் விரட்டினார்.

எண்ணெயோடு எவ்வளவு நேரம் நிற்பது? ஐந்தருவிக்குப் போகலாம், அங்கே விடுகிறார்களாம் என்றார்கள். மாமா மாட்டு வண்டியைப் பார்த்து நடந்தார். நான் குறுக்கே போய், என் வண்டியில் பத்தே நிமிஷம், நிதானமாகக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

அவர் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

"என்னைப் பிடிச்சுக்கிடுங்க மாமா," என்றேன்.

"சாரமில்ல. ஒங்க சட்டையில எண்ணெ பட்டுரும்," என்றார் (செங்கோட்டைக்காரர்களுக்கு மலையாளம் கொஞ்சம் கலந்து வரும், பரவாயில்லை என்று அர்த்தம்). கையைத் தொடைமேல் மடித்து வைத்துக்கொண்டார்.

ரோடு நிறைய ஜனம். முன்னால் மாட்டு வண்டி வரிசை. நான் வேகத்தைக் குறைத்தேன். என்ஜின் இருமிற்று, நின்றது. உதைத்துக் கிளப்பினேன். பத்தடி பாய்ந்தது, நின்றது. மறுபடி உதைத்தேன். சைலன்சர் வெடித்ததில் ஒரு மாடு வண்டியைக் குடைசாய்க்கப் பார்த்தது. ஈரத்துண்டு ஆச்சிகள் என் குடும்பத்தை விசாரித்தார்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மாமா தோல் சீட்டில் வழுக்கிப் பின்னுக்குப் போவதும், முக்கி முன்னால் வருவதும் முதுகில் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை, மகராசன். கோமதி கைநழுவிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே மறுபடி மறுபடி உதைத்தேன்.

ஏழாவது உதைக்கு என்ஜின் பிடித்துக்கொண்டது. வழியும் சற்றுத் திறந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். வண்டி சட்டென்று லேசாகி, ஏற்றத்தில் விர்ரென்று ஏறியது. அடடா, கேம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

போன மானத்தை மீட்க இதுதான் சமயம் என்று பேச ஆரம்பித்தேன். கேம் என்றால் என்ன, புடைப்பு என்றால் என்ன, முப்பது மைலுக்கு மேல் இது எப்படிக் குணம் மாறும் என்றெல்லாம் விளக்கினேன். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தேன். வண்டிதான் வேகமே தவிர ஆள் நிதானம் என்றேன். கூட வருகிறவர்களை ஒரு நிமிஷம்கூடக் கவனிக்காமல் விடமாட்டேன் என்றேன். உங்கள் மகளைக் கண் கலங்காமல் வைத்துக்கொள்வேன் என்று இடது கையை வீசிச் சத்தியமே செய்தேன். மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தருவியில் வண்டியை நிறுத்தி, இறங்குங்க மாமா என்று திரும்பினேன். சீட்டில் எண்ணெய் மட்டும் இருந்தது.

திரும்பிப் போய்த் தேட உதைத்தால் வண்டி கிளம்பவில்லை. வழி நெடுக மனசில் அவருக்கு எல்லாச் சடங்கும் செய்துகொண்டே தள்ளிக்கொண்டு இறங்கினேன். கால் மைல் போனதும் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. ஈரத்துண்டு ஆச்சிகளுக்கு நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். எண்ணெய்மேல் புல், சருகு, மண் எல்லாம் ஒட்டி, காட்டு இலாகா அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசிப் பாய்ச்சலில் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்தவாறே இறங்கியிருக்கிறார். அடி ஒன்றும் இல்லை. நான் கையை வீசிப் பேசிக்கொண்டே போவதை வளைவு மறைக்கும் வரை பார்த்திருக்கிறார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டியப் பின்னால கெட்டிட்டு நீங்களும் ஏறுங்க," என்றார். "மாடு நிதானமாத்தான் போகுது."

கையை வீசி என்ன பேசிக்கொண்டு போனீர்கள் என்று வழியில் கேட்டார், உங்கள் மகளைப் பற்றித்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்தருவியில் இரண்டு பேரும் குளித்தோம். அவர் முதுகில் ஒட்டியிருந்த சருகை நான்தான் தேய்த்து எடுத்தேன்.

அடுத்த வாரமே நடுக் கேமுக்குக் கடிதம் போட்டேன். சேவியர்தான் மாட்டினான். சிரிப்பை அடக்கியதில் ஸ்பானர் இரண்டு தடவை கீழே விழுந்தது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றுதான் மாமா வீட்டில் சொல்லியிருக்கிறார். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடப் பாராமல் அத்தனை தூரமும் என்னைப் பற்றியா பேசிக்கொண்டு போனார் என்று கோமதி கேட்டிருக்கிறாள். அந்த ஐப்பசியில் கல்யாணம். எங்கள் வீட்டில் யார் நீளமாகப் பேச ஆரம்பித்தாலும், "பின்னால மாமா இருக்காரா?" என்று குரல் வரும். பேரன் பேத்திகளும் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதை எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதி வாசிக்கையில் கத்திச் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தேன்.

இருந்தாள்.