லூயி அண்ணையும் இருக்கக்கூடாத சோபாவும்

ரொறன்ரோத் தமிழரை எல்லாம் வரிசையில் நிறுத்தினாலும், பிரெஞ்சு அரச குடும்பத்தோடு முறை கொண்டாடியவர் ஒருவர்தான் தேறுவார். மல்வேர்னில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டுக்கு மேலே குடியிருந்த லூயி அண்ணை.

பெற்றோர் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். எல்லாம் ஒரு சோபா செய்த வேலை. நகரத்துக்குள், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டதுபோலக் கூரை போட்ட பழைய வீடொன்றைக் காலி செய்து சாமான்களை விற்றபோது அவர் வாங்கியது. வளைந்த கால்கள், முதுகில் செதுக்கிய ரோசாப்பூக்கள்.

"பதினஞ்சாம் லூயியின்ர பாணி. செய்தது நூறு வரியம் கழிச்சு, மூண்டாம் நெப்போலியன் காலத்தில."

"பெரிய நெப்போலியன்ர மகனோ அண்ணை?"

"பெறாமகன்! தம்பியின்ர பொடியன்." பக்கத்துத் தெருக்காரனைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப உது கொப்பி, அசல் இல்லை."

"கொப்பி இல்லை ஐசே, மீட்டெடுத்த பாணி!"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சோபாவில் ஒருவரும் ஏறி இருக்கக்கூடாது. அவரும் இருக்கமாட்டார். பழைய மெருகு போனால் வெறும் விறகு என்பார். வெயில் படக்கூடாது, ஹீற்றர் காற்றுப் படக்கூடாது என்று நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டு திரிவார். என் தலைக்கு மேல் 'கிர்ர்' என்றால் பத்து மணி. மறுபடி 'கிர்ர்' என்றால் பதினொன்று. நான் மணிக்கூடே வாங்கவில்லை.

என் கலியாணத்தன்று, மண்டபத்தில் மேடை சோடிக்க வந்த மணவறைக்காரர் இறக்கும்போதே மணமக்களுக்கான பொன்னிறக் கதிரையின் கால் முறிந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம். மாமியார் கையைப் பிசைந்தார். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடியே தாலி கட்ட நான் மனதைத் தேற்றிக்கொண்டபோது லூயி அண்ணையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில், யாரோ ஒருவரின் வான் வண்டியில், ஆறு கம்பளி போர்த்திய சோபாவோடு வந்து இறங்கினார்.

"இரும். ஆனா சாயாதையும்."

வாசலில் மாப்பிள்ளைத் தோழன் எனக்குக் கால் கழுவிவிட, நான் உள்ளே போனால், மேடையில் சோபா தகதகவென்று மின்னுகிறது. மணவறைக்காரர் கையில் ஸ்பிரே பெயின்ற் ரின்.

"பழசு வீடியோவில எடுபடாது அண்ணை. தங்கக் கலர் ஒண்டு அடிச்சுவிட்டன்."

லூயி அண்ணை சோபாவை ஒருமுறை சுற்றி வந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"நேரம் போகுது தம்பி, இரும்."

இருந்தேன். சாயவில்லை. பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். பூச்சு இன்னும் ஈரம்.

அதன்பிறகு மாதக்கணக்கில் மேலே 'கிர்ர்' இல்லை. மணி தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் துணிந்து ஏறிப்போனேன். தின்னர் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றித் தங்கத்தை எல்லாம் எடுத்திருந்தார், கைப்பிடியைத் தவிர. அங்கே தங்கப் பூச்சில் பதிந்தபடி என் ஐந்து விரல்கள்.

"இதையேன் அண்ணை விட்டனீங்கள்?"

"மிச்சமெல்லாம் நீர் சொன்ன மாதிரிக் கொப்பிதான். உது ஒண்டுதான் அசல்."

பிறகு சோபாவைத் தட்டிக் காட்டினார்.

"இரும் தம்பி. நல்லாச் சாய்ஞ்சு இரும்."