சிப்பி சொன்ன எதிராளி

அந்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் மீன் வாங்க ஆள் இல்லை. சீலா மீன் சீந்துவாரில்லாமல் ஐஸில் கிடந்தது. வாங்க வேண்டிய ஊர் முழுக்கப் பழைய உப்புக் கிட்டங்கிக்குப் பக்கத்து மைதானத்தில் நின்றது. தொழுகை முடித்தவர், பூசை பார்த்தவர், கோயில் திருநீறு காயாதவர் எல்லாரும் தோளோடு தோள். இந்த ஒற்றுமையை வேறெதற்கும் நீங்கள் கூட்ட முடியாது. இங்கே கூடியதற்குக் காரணம் எளிது. ஒரு சிப்பி பேசப்போகிறது.

சாதாரணப் பேச்சில்லை. தென்மண்டல ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ரெனிஷ் அடுத்து யாரோடு மோத வேண்டும் என்று சிப்பி சொல்லப்போகிறது. மற்ற ஊர்களில் இதை எப்படி முடிவு செய்கிறார்கள்? எவன் யாரை ஜெயித்தான் என்று பார்க்கிறார்கள். பாவம், அங்கெல்லாம் நல்ல சிப்பி கிடைப்பதில்லை.

சிப்பிக்குக் குரல் கொடுப்பவர் ஸ்ரீ ஆழிமுத்தானந்தா சுவாமிகள். ஜனங்களுக்கு முத்துச்சாமியார். சிப்பி வழியாகக் கடல்மாதாவே பேசுகிறாள் என்பது அவர் வாக்கு. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. முத்து செய்வது எப்படி என்று சிப்பிகளுக்கே மறந்திருக்கும். ஆனால் சாமியார் தொட்ட சிப்பியில் மட்டும் முத்து. அதுவும் பட்டாணி போல ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு.

சந்தேகம் யாருக்கும் வரவில்லை. எப்படி வரும்? அந்தக் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தா வெறும் சதையா, வாங்குகிறவன் தலையெழுத்து. மூடின சிப்பியை நம்பிக் கையைத் தூக்கிய பரம்பரை. தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜாஸ்லின். நாசரேத்தில் பி.டி. டீச்சர். ரெனிஷின் அக்கா. தம்பிக்கு முதன்முதலில் கிளவுஸ் கட்டிவிட்டவளும் அவள்தான், இன்றுவரை அவன் கோச்சும் அவள்தான்.

அவளுடைய கவலை ஒன்றுதான். ரெனிஷின் அடுத்த சண்டையைப் பார்க்க, தேசிய முகாமுக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர் வருகிறார். எதிரே நிற்பவன் உண்மையான ஆளாக இருந்தால் தம்பிக்கு ஒரு வழி பிறக்கும். இல்லையென்றால் தேர்வாளர் டீயைக் குடித்துவிட்டு ரயிலேறிவிடுவார். ரெனிஷ் கண்டெய்னர் யார்டிலேயே கம்பி முறுக்கிக் கிடப்பான். இன்னொரு தடவை அவர் வரமாட்டார்.

ஆனால் சிப்பி இதுவரை காட்டிய ஆட்களைப் பாருங்கள். முதலில் மாப்பிள்ளையூரணி பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவன். ஹெவிவெயிட்தான், மறுக்க முடியாது. அத்தனையும் பரோட்டா. மணி அடித்ததும் அவன் ரெனிஷைப் பார்த்துக் கும்பிட்டான். அடுத்தது ஒரு கப்பல் சமையல்காரர். குத்து வருவதற்கு முன்னாலேயே, அதன் காற்று பட்டு விழுந்தார். தோற்றவனுக்கும் நல்ல தொகை உண்டு. அதில் பாதி சாமியார் மடத்துக்குக் காணிக்கையாகப் போனது. என்ன பக்தி என்று ஊர் மெச்சியது.

விளாத்திகுளத்துச் சிவப்பிரகாஷ் என்று ஒருத்தன் இருந்தான். எதிரே வந்தவனையெல்லாம் வீழ்த்தியவன். ரெனிஷோடு ஒரு சண்டை தாருங்கள் என்று நடையாய் நடந்தான். ஆனால் அவன் காணிக்கைக்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே கடல்மாதாவுக்கு அவன் பெயர் மட்டும் ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

"ஏலே, உனக்கு யாருகூடச் சண்டைன்னு சிப்பியா சொல்லணும்?" காலையில்தான் தம்பியைக் கேட்டிருந்தாள் ஜாஸ்லின்.

"கடல்மாதாவப் பழிக்காதக்கா. போன தடவ ஒரே அடியில ஜெயிச்சேன்லா?"

"அடியே படலியேல. அந்த மனுஷன் உன் நிழலப் பாத்து விழுந்தாரு."

"அதான் சாமியாரோட சக்தி," என்றான் ரெனிஷ். ஆறடி உடம்பில் எங்கே குத்தினாலும் வலிக்கும். அறிவு குத்தினால் மட்டும் அவனுக்கு வலிக்காது.

போட்டியை நடத்துகிற தேவபிரசாதம் அண்ணாச்சியையும் பார்த்தாள். உப்பளக்காரர். தங்கமான மனுஷர். தங்கத்தை எளிதில் உருக்கலாம் என்பது சாமியாருக்குத் தெரியும்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாது. இன்ன தேதிக்கு உப்பு வாருங்க, மழ வராதுன்னு சிப்பி சொல்லிச்சு. வரலியே."

"அது சித்திர மாசம் அண்ணாச்சி."

"எந்த மாசம்னா என்ன. சொன்னது பலிச்சுதா இல்லியா?"

இப்படிப்பட்ட ஆளிடம் வாதாடுவது அலையைக் காலால் சவுட்டித் துரத்துவது மாதிரி. ஜாஸ்லின் வாதத்தை விட்டாள். இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் முடிந்துகொண்டாள்.

ஒன்று, போன தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையேறிய சாமியார், வழியில் கிடந்த மைக் வயரைச் சாவகாசமாகத் தாண்டிப் போனார். இன்னொன்று மக்ரூன். சாமியாருக்கு மக்ரூன் என்றால் உயிர். ஆனால் அன்று மேடையில் அவள் நீட்டியபோது உதட்டை இறுக்கித் தலையை ஆட்டினார். சிப்பி வாக்கு முடிந்து திரைக்குப் பின்னால் போனதும் ஒரு டப்பாவைக் காலி செய்தார். மேடை ஏறும்போது மட்டும் வாய்க்கு ஏன் பூட்டு? மௌன விரதம் என்றார்கள். விரதம் பேச்சுக்கா, முந்திரி இனிப்புக்கா?

இந்த ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டை ரிங்தான் மேடை. நாலு பக்கமும் கயிறு, நாலு பக்கமும் கூட்டம். சங்கு முழங்க, மஞ்சள் துணியால் கண்ணைக் கட்டியபடி சாமியார் ஏறினார். தொந்தி முன்னே வந்தது, சாமியார் பின்னால் வந்தார். மைக் பிடிக்கிற சீடன் பெவின் வழக்கமான விளக்கத்தை ஆரம்பித்தான்.

"சாமி மௌனத்துல இருக்காரு. கண்ணு கட்டியாச்சு. ஒவ்வொரு சிப்பிக்கு முன்னாலயும் ஒரு போட்டியாளர் பேரு. மாதா யாரக் காட்டுதாளோ அந்தச் சிப்பிய சாமி எடுப்பாரு. கத்தியால கீறி, உதட்ட வச்சுக் கேப்பாரு. முத்து இருந்தா அவன்தான் எதிராளி."

பெயர்கள் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தன. ஜாஸ்லின் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்குள் ஏறினாள்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மாதாவுக்கு எழுதப் படிக்கத் தெரியணுமா?"

"என்ன கேள்வி டீச்சர் இது. மாதாவுக்குத் தெரியாதது உண்டா?"

"அப்ப பேரு வெளிய தெரிஞ்சாத்தான் ஆச்சுன்னு இல்லியே. மூடி வச்சாலும் அவளுக்குத் தெரியும்லா?"

"ஏன் தெரியாது?"

"அப்ப பேரச் சீட்டுல எழுதித் தீப்பெட்டிக்குள்ள போட்டு மூடிருவோம். ஒவ்வொரு சிப்பியையும் ஒரு பெட்டி மேல வைப்போம். சாமியோட சக்தி ஊருக்கு இன்னும் நல்லாத் தெரியட்டும்."

ஜனங்கள் கைதட்டினார்கள். சாமியார் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார்.

"சாமி ஆசீர்வாதம் பண்ணுதாரு," என்றார் அண்ணாச்சி.

சாமியார் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"நாலா பக்கத்துக்கும் பண்ணுதாரு."

பெவின் மைக்கைப் பொத்திக்கொண்டு சாமியாரைப் பார்த்தான். சாமியார் அவனைப் பார்த்தார். கட்டிய கண்ணால்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'வேண்டாம்' என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. கன்னம் மட்டும் லேசாக உப்பி அடங்கியது.

ஜாஸ்லின் பையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்தாள். குச்சிகளைக் கொட்டிப் பையிலேயே போட்டுக்கொண்டாள். போட்டியாளர் பட்டியலை அண்ணாச்சி வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சீட்டாக எழுதினாள், மடித்தாள், பெட்டியில் போட்டு மூடினாள், மேலே ஒரு சிப்பியை வைத்தாள். அவள் என்ன எழுதினாள் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி கேட்கவில்லை. பெவின் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

சாமியார் நின்றார். வியர்த்தார். கூட்டம் பொறுமை இழந்து சீட்டி அடித்தது. மாதா ஊமையாகிவிட்டாள் என்று இறங்கிப் போகவும் வழியில்லை. இந்தத் தடவை காணிக்கைக்கு ஒத்துக்கொண்ட லாட்ஜ்காரர் முதல் வரிசையில் புது டிரவுசரோடு உட்கார்ந்திருந்தார். எதையாவது எடுத்துத்தான் ஆகவேண்டும். நடுவிலிருந்த சிப்பியை எடுத்தார். கீறினார். உதட்டை வைத்து மாதாவிடம் வெகுநேரம் கேட்டார். விரித்துக் காட்டினார்.

முத்து. பட்டாணி அளவு. வழுவழு.

மைதானம் அதிர்ந்தது. அண்ணாச்சி தீப்பெட்டியைத் தள்ளிச் சீட்டைப் பிரித்தார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை படித்தார்.

"ஸ்ரீ ஆழிமுத்தானந்தா சுவாமிகள்."

 முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து கைகூப்பினாள்.

"மாதா சாமியையே கேக்கா."

அவ்வளவுதான். தீ பற்றிக்கொண்டது. சாமியார் சண்டை போடப்போகிறார் என்றால் அதைவிடப் பெரிய அற்புதம் உண்டா? கூட்டம் முழுக்க ஒரே முழக்கம். சாமியார் கண்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கயிற்றைத் தாண்டப் பார்த்தார். நாலு பக்கத்திலிருந்தும் பக்தர்கள் அவரை மரியாதையோடு உள்ளே தள்ளினார்கள். எடை மெஷினில் ஏற்றினார்கள். முள் நூறைத் தாண்டி நின்றது.

"பாத்தியளா, எடகூட மாதா சரியாப் பாத்திருக்கா," என்றார் அண்ணாச்சி.

"புது ஆளுன்னா இப்பவே ஒரு ரவுண்டு பாத்துக்கிடணும் அண்ணாச்சி," என்றாள் ஜாஸ்லின்.

ரெனிஷுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளவுஸோடு சாமியார் காலைத் தொட்டு வணங்கினான்.

"சாமி, மன்னிச்சிருங்க. மெதுவாத்தான் குத்துவேன். மாதா உத்தரவு, நான் என்ன செய்ய?"

சாமியாருக்குக் கிளவுஸ் கட்டியாயிற்று. காவி வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியாயிற்று. ஜாஸ்லின் ஒரு ரப்பர் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"வாயத் திறங்க சாமி. பல்லுக்கு கார்டு போடணும். இல்லாம ரிங்குல நிக்கக்கூடாது. விதி."

சாமியார் வாயை இறுக்கினார்.

"மௌன விரதம்னு தெரியும். பேச வேண்டாம். திறந்தாப் போதும்."

இன்னும் இறுக்கினார். மூக்கு விடைத்தது. பூட்டுப் போட்ட கிட்டங்கி மாதிரி நின்றார்.

"சரி, பல்லு சாமியோட பல்லு. மாதா பாத்துக்கிடுவா. மணிய அடிங்க அண்ணாச்சி."

மணி அடித்தது. ரெனிஷ் சிலுவை போட்டுக்கொண்டு, தோளைக் குலுக்கி, வலது கையைப் பின்னுக்கு இழுத்தான். அந்தக் கை ஒரு தேங்காய்க் குலை அளவுக்கு இருந்தது. அது கிளம்பி வருவதைச் சாமியார் பார்த்தார். ஜென்மம் முழுக்கச் சேர்த்த ஞானம் அந்த நொடியில் உதவவில்லை. நாக்குதான் உதவிக்கு வந்தது.

"ஏலே வேண்டாம்ல, செத்துருவேன்ல."

வார்த்தை வெளியே வந்தது. கூடவே முத்துகளும் வந்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு பொலபொலவென்று. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த சரக்கு ரிங் முழுக்க உருண்டு, ரெனிஷின் ஷூவில் மோதி நின்றது. ரெனிஷின் கையும் பாதி வழியில் நின்றது.

"சாமி, மாதா உங்க வாய்க்குள்ளயா இருக்கா?" என்றான்.

நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

ஜாஸ்லின் ஒரு முத்தைப் பொறுக்கினாள். பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் காலிப்பெட்டியில் உரசினாள். நெருப்பில் முத்து சுருங்கி, ஒழுகி, நூல் விட்டது. பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம் முன்வரிசைவரைக்கும் போனது.

"கடல்ல விளைஞ்ச முத்து இப்படி உருகாது. இது ஃபேன்சி ஸ்டோர்ல விளைஞ்சது," என்றாள். "உதட்ட வச்சு மாதாட்டக் கேக்கல. உள்ள துப்பினாரு. காணிக்க தந்தவன் பேருக்குத் துப்புவாரு. கண்கட்டுக்குக் கீழ பேரு தெரியுமட்டும் சரியாத் துப்பினாரு. இன்னைக்குத் தெரியல."

"அப்ப மாதாதானே சாமி பேரக் காட்டிருக்கா?" அண்ணாச்சி கடைசிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

ஜாஸ்லின் மிச்சப் பெட்டிகளை அவர் முன்னால் கொட்டினாள். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் திறந்தார். ஸ்ரீ ஆழிமுத்தானந்தா சுவாமிகள். ஸ்ரீ ஆழிமுத்தானந்தா சுவாமிகள். ஸ்ரீ ஆழிமுத்தானந்தா சுவாமிகள். கையெழுத்துகூட மாறவில்லை.

"எத எடுத்தாலும் அவருதான் அண்ணாச்சி. மாதாவுக்கு வேற வழியே குடுக்கல நான்."

பெவினைத் தேடினார்கள். மைக் மட்டும் கிடந்தது. சாமியார் கிளவுஸைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வந்து அதைக் கழற்றாமலேயே ஜீப்பில் ஏற்றினார். விலங்கு மிச்சம்.

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்தார். "அப்ப எங்க தம்பி யாருகூட மோத? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

"நான் எதுக்குச் சொல்லணும்? எல்லாரையும் ஜெயிச்சுட்டு ஒருத்தன் அங்கன நிக்கான். அவன்கூட."

கூட்டத்தின் கடைசியில், லைட் கம்பத்தில் சாய்ந்து சிவப்பிரகாஷ் நின்றிருந்தான். ரெனிஷ் அவனைப் பார்த்தான். முதன்முறையாக அவன் முகத்தில் லேசாகப் பயம் வந்தது. அந்தப் பயத்தைப் பார்த்த பிறகுதான் ஜாஸ்லினுக்கு மூச்சு வந்தது. இப்போது தம்பி ஒழுங்காகப் பயிற்சி செய்வான்.

செய்தான். சண்டை கடைசி ரவுண்டுவரை போனது. ரெனிஷுக்குப் புருவம் கிழிந்தது, சிவப்பிரகாஷுக்கு உதடு. ரெனிஷ் ஒரு பாயிண்டில் தப்பித்தான். தேர்வாளர் தன் டீயை ஆறவிட்டு, இரண்டு பேரையும் முகாமுக்கு அழைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் ஊராயிற்றே. சிப்பி பொய் என்று தெரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஜாஸ்லின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தேவபிரசாதம் அண்ணாச்சி பின்னாலேயே ஓடி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அந்தத் தீப்பெட்டி ஒண்ணு தருவியளா? எம் மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். உங்க பெட்டி சரியாச் சொல்லுதே."

 ஜாஸ்லின் பையில் கைவிட்டு, பெட்டியை அல்ல, ஒற்றைக் குச்சியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தக் குச்சிக்குக்கூடத் தலையில கொஞ்சம் மருந்து இருக்கு அண்ணாச்சி. உரசினாத்தான் பத்தும். உங்களதையும் ஒருக்கா உரசிப் பாருங்க."